தப்பாயித்து சாமி

பெங்களூரு மேயோ ஹால் நீதிமன்றத் தாழ்வாரத்தின் திங்கட்கிழமைக் காலையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சனி, ஞாயிறு இரவுகளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக, கருவியில் ஊதிப் பிடிபட்டவர்கள் கையில் ஒரு தாளோடு சுவரோரம் நிற்பார்கள். கழுத்தில் அலுவலக அட்டையை மாட்டியபடியே வந்துவிட்ட இளைஞர், காக்கிச் சட்டை மாற்றாத ஆட்டோக்காரர், சிமென்ட் காய்ந்த விரல்களோடு ஒரு கொத்தனார். அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா, விவேக்நகர் என்று பல பேட்டைகளிலிருந்து வந்தவர்கள். மெல்லப் பேசும் குரல்களில் பாதி தமிழ். "எவ்வளவு ஆகும்?", "வண்டி இன்றைக்கே கிடைக்குமா?" இந்த இரண்டு கேள்விகளைத் தவிர வேறெதுவும் அங்கே அதிகம் காதில் விழுவதில்லை.

பெயர் கூப்பிடுவார்கள். உள்ளே போனதும் கன்னடத்தில் ஒரு கேள்வி: "தப்பு ஒப்பிக்கொள்த்தீரா?" கைகட்டி நிற்பவர் தலையைத் தாழ்த்திச் சொல்வார்: "தப்பாயித்து சாமி." முடிந்தது. அபராதம், ரசீது, அடுத்த பெயர்.

கன்னடம் தெரியாத தமிழருக்குக்கூட அந்தக் கேள்வி புரிந்தது போலவே இருக்கும். தப்பு நம் சொல். ஒப்புக்கொள்வதும் நம் சொல்தான். புரிந்தது போல் இருப்பதுதான் இங்கே ஆபத்து. தெரியாமல் காலை மிதித்துவிட்டாலும் நாம் "தப்பாகிவிட்டது" என்போம். பெரியவர் ஒருவர் கோபமாக இருந்தால், நம் பக்கம் நியாயம் இருந்தாலும், அவரைத் தணிக்க அதையே சொல்வோம். அது மரியாதைச் சொல். அந்த அறைக்குள் அதே சொல் தண்டனைத் தீர்ப்பாகிவிடுகிறது. குற்றம் செய்தேன் என்று ஒருவர் தன் வாயாலேயே சொன்னதாக ஏட்டில் ஏறுகிறது.

நான் மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், சட்டக் கல்லூரியில் ஆங்கிலம். குற்றவியல் வழக்குகள்தான் என் தொழில். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள் மட்டுமே ஆண்டுக்குப் பல வரும். தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் அவற்றை நான் வழக்காகவே மதித்ததில்லை. பெட்டிக் கேஸ், ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அதைத்தான் எழுத வந்தேன்.

2018 நவம்பர். ஸ்ரீராமபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், என் பெரியம்மா மகனுக்குத் தெரிந்தவர், வந்தார். 45 வயது இருக்கும். அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் கடைசிவரை மேடம் என்றே கூப்பிட்டார். ஆட்டோ இரண்டு நாளாகக் காவல் நிலைய வாசலில் நின்றது. அது வாடகை வண்டி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் உரிமையாளருக்கு நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் வேறு நிலுவையில் இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. கருவி காட்டிய அளவு சட்ட வரம்பான 30-ஐத் தாண்டியிருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

"அண்ணா, ஒப்புக்கொள்ளுங்கள். 2,000 ரூபாயோடு போய்விடும். மத்தியானமே வண்டியை எடுத்துக்கொள்ளலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நீங்கள் சொன்னால் சரி மேடம்." உள்ளே போய், "தப்பாயித்து சாமி" என்றார். மத்தியானம் வண்டி கிடைத்தது. மாலையில் ஒரு பெட்டி மைசூர்பாகோடு என் அலுவலகத்துக்கு வந்து, படியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார்.

நாலைந்து மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாக அவர் ஆட்டோவில் ஏறினேன். சிவாஜிநகர் சிக்னலில் நிற்கும்போது, பின்னால் திரும்பாமலே சொன்னார்: "அன்றைக்கு நான் ஓட்டவே இல்லை மேடம். மச்சான் வீட்டுக் காதுகுத்து. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டேன். ஓட்டக் கூடாது என்று ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் படுத்துத் தூங்கினேன். தட்டி எழுப்பித்தான் ஊதச் சொன்னார்கள்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்கவில்லையே மேடம்" என்றார்.

குறை சொல்லும் குரல் அது இல்லை. இடதுபக்கம் திரும்பவா என்று கேட்பது போலத்தான் கேட்டார். இன்றுவரை அந்த வாக்கியம் எனக்குள் கிடக்கிறது.

185-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வண்டி ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஓட்டும்போது, ஓட்ட முயலும்போது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் தூங்குகிறவர் இந்த இரண்டில் எதைச் செய்கிறார்? குடித்தபின் ஒரு மனிதர் செய்ய வேண்டிய சரியான காரியம் எதுவோ அதைத்தான் அவர் செய்திருந்தார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார், என் யோசனையின் பேரில். வாதாடியிருந்தால் வென்றிருப்போம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரசுத் தரப்பு அதை நிரூபித்தாக வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுமையை நான் அவர்கள் தலையிலிருந்து இறக்கி, கேட்காமலே இலவசமாகக் கொடுத்துவிட்டேன்.

மேல்முறையீடு செய்யலாமா என்று அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்குத் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் குறித்து மட்டுமே மேல்முறையீடு உண்டு. குற்றமே செய்யவில்லை என்று சொல்ல அந்த வழி மூடியிருக்கிறது. அதே பக்கங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல்லூரியில் படித்து மறந்தது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவர் பயன்படுத்திய சொற்களிலேயே, கூடியவரை, அதை மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 275-ஆம் பிரிவு. இந்த விதி வெறும் சடங்கு இல்லை, கட்டாயம் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு போனது அன்றைய சென்னை மாநிலத்திலிருந்துதான்.

அவர் பயன்படுத்திய சொற்கள் என்ன? "தப்பாயித்து சாமி." அதற்குள் ஓட்டினேன் என்பது எங்கே இருக்கிறது?

இந்த வழக்கு அதோடு போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். 2020 ஜனவரியில் அவர் மறுபடி பிடிபட்டார். இந்த முறை ஓட்டினார். குடித்துவிட்டுத்தான் ஓட்டினார். அவரும் மறுக்கவில்லை, நானும் மறைக்கப் போவதில்லை. ஆனால் இடையில் சட்டம் மாறியிருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது குற்றத்துக்கு 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உண்மையில் அவர் வாழ்க்கையில் அது முதல் குற்றம். ஏட்டில் இரண்டாவது. ஒரு வாரம் அலைந்தேன். சிறை இல்லாமல் அபராதத்தோடு முடிந்தது, உரிமம் இடைநீக்கமானது. ஆறு மாதம் கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். வக்கீல் ஃபீஸ் என்று ஒரு கவரை நீட்டினார். வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்காக ஏன் நிற்கிறாய் என்று என் அம்மா கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வண்டி ஏறிச் செத்தவரின் வீட்டாரும் இதே தாழ்வாரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறி 7 பேர் இறந்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை வெறும் அஜாக்கிரதை என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று உறுதிசெய்தது. தண்டனை 3 ஆண்டு. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குச் செத்தவர்கள் பக்கம்தான் மனம் போகிறது. போக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நான் நிற்க நேர்ந்தாலும் என் வேலை மாறாது: அரசு சொல்வதை அரசு நிரூபிக்கட்டும், ஓட்டியது அவர்தான் என்பதையும், எவ்வளவு குடித்திருந்தார் என்பதையும், எந்தப் பிரிவு பொருந்தும் என்பதையும். அஜாக்கிரதையால் மரணம் என்றால் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. அதுவே கொலையாகாத மரணம் என்ற 105-க்குப் போனால் கதை வேறு. ஜாமீன் கிடைப்பதே போராட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் பாதி ஆயுள் கிடக்கிறது.

கோயம்புத்தூரில் ஒருமுறை, சில காவலர்களுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சரி, நிற்கிறாய். பொய் சொல்லாமல் நில்" என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்தத் தொழிலை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

ஏனென்றால் பொய் சொல்லச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. ஓட்டியது நான் இல்லை, டிரைவர் என்று எழுதிவிடலாம், டிரைவர் தயாராக இருக்கிறான், சம்பளம் பேசிவிட்டோம் என்பார்கள். அந்த டிரைவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்துப் பையனாக இருப்பான், தருமபுரியோ கிருஷ்ணகிரியோ. நான் எழுந்து கதவைத் திறந்துவிடுவேன். டில்லியில் 1999-இல் நடந்த பி.எம்.டபிள்யூ. கார் வழக்கில் சாட்சியை வளைக்க முயன்றதற்காக ஒரு மூத்த வழக்கறிஞரே நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி ஆனார். தற்காப்பு என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு உள்ளேயே செய்வதற்கு ஏராளமாக இருக்கிறது. செய்யாமல் விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

உதாரணத்துக்கு அந்தக் கருவி. அது இரத்தத்தைத் தொடுவதே இல்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, இரத்தத்தில் இருப்பது அதைப்போல் ஏறத்தாழ 2,100 மடங்கு என்ற பொதுக் கணக்கில் பெருக்கிச் சொல்கிறது. குடித்த கையோடோ வாய் கொப்பளிக்கும் மருந்தை உமிழ்ந்த கையோடோ ஊதினால், வாயில் தங்கிய ஆல்கஹாலையும் சேர்த்துக் காட்டிவிடும். 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதவைத்தார்களா? கருவியை எப்போது சரிபார்த்தார்கள், சான்று எங்கே? அச்சுத் தாளில் உள்ள நேரமும் காவலர்கள் சம்பவ இடத்தில் எழுதும் மஹஜரில் உள்ள நேரமும் ஒத்துப்போகின்றனவா? கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதித்திருக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பது 202-ஆம் பிரிவு. வாயில் நாற்றம், தள்ளாட்டம், கண்மணி விரிந்திருந்தது என்று மருத்துவர் எழுதிவிட்டால் மட்டும் போதையை நிரூபித்ததாகாது என்று 1971-இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றைக் கேட்பது குடிகாரரைத் தப்பவைக்கும் தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். 90 காட்டியவருக்கு இந்தக் கேள்விகளால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 33 காட்டியவருக்கு இவைதான் எல்லாம்.

ஆனால் யாரும் கேட்பதில்லை. காரணம் அந்த வாசலில் நிற்கும் வண்டி. ஒப்புக்கொண்டால் இன்று வண்டி. மறுத்தால் வாய்தா, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். நாள் வாடகைக்கு ஓட்டுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. பிடித்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது, தக்க பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்று 2002-இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வழக்கை நடத்திக்கொண்டே வண்டியை மீட்க மனுப் போடலாம். நான் 2018-இல் அந்த மனுவைப் போட்டிருக்கலாம். இரண்டு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மொழிக்கு மறுபடி வருகிறேன். பெங்களூருத் தமிழர்கள் கன்னடம் சரளமாகப் பேசுவோம். நம்மில் பலருக்குப் படிக்கத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியாது. பஸ் பலகையின் எண்ணைப் பார்த்தே 40 ஆண்டு இந்த ஊரில் வாழ்ந்தார். அப்படிப்பட்டவர் முன்னால் நள்ளிரவில் ஒரு கன்னடத் தாளை வைத்து, இங்கே கையெழுத்து என்றால் போடுவார். காவல்துறை விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியதே இல்லை என்று சட்டம் சொல்வது அவருக்கு எப்படித் தெரியும்? காவல் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதும் தெரியாது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை நான் தமிழில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்: எந்தக் குற்றமானாலும், கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். உடனே முடியாத நிலையில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கைக்கு வந்தாக வேண்டும். மும்பை வோர்லியில் 2024-இல் கார் மோதி ஒரு பெண் இறந்த வழக்கிலிருந்து வந்தது இந்தத் தீர்ப்பு. இறந்தவர் பக்கம் எத்தனை நியாயம் இருந்தாலும், பிடிபட்டவருக்கும் புரியும் மொழியில் சொல் என்கிறது நீதிமன்றம். இதைத்தான் அம்மாவுக்கு இத்தனை ஆண்டாக விளக்கப் பார்க்கிறேன்.

நள்ளிரவில் என் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் யாருடைய மச்சானோ தம்பியோ பேசுவார்கள். பதறாதீர்கள், 185 மட்டும் என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் என்பேன். ஊத மறுக்கச் சொல்ல மாட்டேன். காரணமின்றி மறுத்தால் அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். அச்சுத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், படிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்பேன். பணமில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணைத் தருவேன். காவலில் இருப்பவர், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். இதைப் பிச்சை என்று நினைத்துக் கூசுகிறார்கள். 39-ஏ என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நேரில் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு காட்டியது என்பது இல்லை. தமிழில் கேட்கிறேன்: "அவர்கள் வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா? நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?"

போன மாதம் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன், 23 வயது, வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எல்லாவற்றையும் கேட்டேன். கருவி சரி, நேரம் சரி, மறுபடி ஊதவைத்திருந்தார்கள். அவனும் சொன்னான்: "ஓட்டினேன் அக்கா. மூன்று பீர். ஒரு பெரியவர் மேல் இடித்திருப்பேன், நூலில் தப்பியது." என்னென்ன வழி இருக்கிறது, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், இன்னொரு முறை நடந்தால் என்ன ஆகும், உரிமம் என்ன ஆகும் என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். யோசித்துவிட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்றான்.

கேள்வி வந்தது. அவன் "தப்பாயித்து" என்று ஆரம்பித்தான். நான் நடுவில் நுழைந்து, இவர் தமிழர், தமிழில் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

"குடித்திருந்தேன். குடித்தது தெரிந்தே பைக்கை ஓட்டினேன்" என்றான் அவன்.

நான் கன்னடத்தில் சொன்னேன். எழுத்தர் எழுதினார். கையெழுத்துக்குத் தாள் வந்தபோது அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்த இரண்டு வரியையும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். நான் சொன்னதுதானா என்று கேட்டான். ஆமாம், நீ சொன்னதுதான் என்றேன். போட்டான்.